ஐந்தாவது கிளி

1

இந்தக் கதையை நான் கேட்டது மிச்சம் என்ற ஊரில், டிராமுக்காகக் காத்து நின்ற பதினைந்து நிமிடத்தில். சொன்னவள் சயந்தினி. "எழுதுறதெண்டால் எழுதுங்கோ. பேருகளை மாத்துங்கோ, மரங்களை மாத்தாதேங்கோ" என்றாள். அவள் பெயர் உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். வால்நட் மட்டும் வால்நட்டாகவே இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: சயந்தினி உளியைக் கையில் எடுத்தபோது அவள் மனம்...

அந்த வரியை அடித்துவிட்டேன். அவளிடம் உளி கிடையாது. பட்டறையில் உளி பிடிப்பவர் பியற்றிஸ். படச்சட்டங்களைச் செதுக்குவது அவர் வேலை. சயந்தினி, காகிதம்போல் சீவிய மரத் தகடுகளைச் சத்திரசிகிச்சைக் கத்தியால் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, சுவரில் மாட்டும் படமாக்குகிறாள். சாயம் தொடுவதில்லை. வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளை மரம், கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு மரம். பாரிஸில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் கற்றது.

2

நோர்பரியிலிருந்து அம்பலவாணன் வந்தார். முன்னறைச் சுவருக்கு ஒரு படம் வேண்டும்: அடர்ந்த இலைகள், அவற்றுக்கிடையே நான்கு கிளிகள். அவர், மனைவி, மகன், இளைய மகள். ஆளுக்கொன்று.

(குடும்பத்துக்குப் பறவைகள் என்பதில் எனக்கும் சலிப்புத்தான். என்ன செய்ய, கேட்டது அவர்.)

அடுத்த நாள் அவருடைய மனைவி வசந்தமலர் சயந்தினிக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, நாங்கள் அஞ்சு பேர். மூத்தவள் துஷ்யா, ஷெறோன் எண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளையோட லூயிஷாமில இருக்கிறாள். கலியாணம் கட்டின மாதிரித்தான். மூண்டு வருசமா இவர் அவளின்ர பேரே எடுக்கிறேல்லை. அவருக்குத் தெரியாமல் அஞ்சாவதையும் வைக்கேலுமோ?"

"ஏலும் அக்கா" என்றாள் சயந்தினி. யோசிக்கவே இல்லை.

3

எப்படி ஏலும்? இலைகள் கரும்பழுப்பு வால்நட் மரம். அதே வால்நட்டில் ஒரு கிளியை வெட்டி, மரத்தின் இழை குறுக்காக வரும்படி திருப்பிப் பொருத்தினால், நேரே நிற்பவருக்கு அது இலைக்கூட்டத்தின் இருட்டுத்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தனியாக மினுங்கும்.

பியற்றிஸுக்கு இது பிடிக்கவில்லை.

"படம் கேட்டது அந்த மனிசன். அவர் வேண்டாமெண்ட ஆளை அவற்ற சுவரிலயே ஒளிச்சு வைக்கிறது சரியோ?"

"அது அந்த அக்காவின்ர சுவரும்தானே?"

"அப்ப அவ வாயால சொல்லட்டும். உன்ர கத்தியால ஏன் சொல்லுவிக்கிறா?"

சயந்தினி வெட்டினாள்.

ஏன் வெட்டினாள்? இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நானே ஒரு காரணம் எழுதிக் கொடுத்தேன்: அவளும் தகப்பனோடு பேச்சை முறித்தவள். கதைக்கு வசதியான காரணம். அவளிடம் வாசித்துக் காட்டியபோது சிரித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவோடு ஒரு மணித்தியாலம் கதைக்கிறாளாம். பாதி நேரம் அவருடைய முழங்காலைப் பற்றி.

"பின்னை ஏன்?" என்றேன்.

"அந்த அக்கா கேட்ட விதம். பிறகு... அப்பிடி ஒண்டு செய்து பாக்க ஆசையாயும் இருந்தது."

இரண்டாவதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காரணத்தைத்தான் நான் நம்புகிறேன்.

4

ஜனவரியில் படம் சுவரேறியது. அம்பலவாணன் நான்கு கிளிகளையும் விரலால் தொட்டு, "நல்ல வடிவு" என்றார். பெப்ரவரியில் ஒரு பின்னேரம், குளிர்கால வெயில் யன்னலால் தாழ்வாக நுழைந்த நேரம், தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தவர் ஐந்தாவதைக் கண்டார். சயந்தினியை வரச்சொன்னார்.

புறப்படும்போது பியற்றிஸ் சொல்லி அனுப்பினார்: "எடுத்தால் முழுப்படமும் பழுதாப்போகுமெண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது?" (சரியோ என்று கேட்ட அதே பியற்றிஸ்தான்.)

"இதை ஆர் வைக்கச் சொன்னது?" என்று கேட்டார் அம்பலவாணன்.

பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள சயந்தினி வாயெடுத்தாள். [அவள் அப்படிச் சொன்னதாக ஒரு முடிவு எழுதியிருந்தேன். அதில் எல்லோரும் அழுதார்கள். கிழித்தாயிற்று.] அதற்குள் குசினி வாசலில் வசந்தமலர் வந்து நின்றார்.

"நான்தான் சொன்னனான்."

"எனக்குச் சொல்லாமலோ?"

"மூண்டு வருசமா உங்களுக்குச் சொல்லுறன். காதில விழேல்லை."

அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. சயந்தினியிடம் கேட்டார்: "இதை எடுக்கேலுமோ, பிள்ளை?"

பியற்றிஸின் பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வசந்தமலரின் கண்கள் அவளையே கெஞ்சின.

"ஏலும் அண்ணை. அரைநாள் வேலை. வேற துண்டு வைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது."

வசந்தமலர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலாதெண்டு சொல்லியிருந்தால் கிளி அங்கதான் இருந்திருக்கும்" என்றாள் சயந்தினி என்னிடம். "ஆனா அது அவர் இருக்க விட்டதாகாது."

அம்பலவாணன் எழுந்து படத்தருகே போனார். வெயில் போய்விட்டிருந்தது. தலையை ஒரு பக்கம் சரித்து, மறுபக்கம் சரித்து, இலைகளுக்குள் வெகுநேரம் தேடினார். பிறகு திரும்பி ஒரு வசனம் சொன்னார்.

5

அந்த வசனம் இது: [                    ]

எனக்குத் தெரியும். சயந்தினி சொல்லியிருக்கிறாள். இங்கே எழுதியும் இருந்தேன், நேற்றுவரை.

வசந்தமலர் அதை இன்னும் மகளிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவேண்டியவர் தான் அல்ல, அதைச் சொன்ன மனிதர்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். பெயர்களை எவ்வளவு மாற்றினாலும் துஷ்யா தன் வீட்டுச் சுவரை அடையாளம் கண்டுகொள்வாள். தகப்பன் தன்னைப் பற்றிச் சொன்னதை, யாரோ ஒருவர் எழுதிய கதையின் கடைசி வரியாக அவள் வாசிக்கக்கூடாது.

ஆகவே வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன். மற்றவர்கள் மனம்போல் நிரப்பிக்கொள்ளலாம்.

துஷ்யா, நீங்கள் மட்டும் நிரப்பவேண்டாம். அப்பாவிடம் கேளுங்கள்.