மனப்பாடக் கண்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அக்கா. எதிர்ச்சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைத் தூசி தட்டுபவள் நான். பன்னிரண்டு வருஷமாக ஒரே அட்டை. ப, ட, ம. க, ர, ந, ச. குளிக்கும்போதுகூட அதை ராகம் போட்டுப் பாடுவேன்.

பஸ் ஓட்டுநர் வேலைக்கான விண்ணப்பத்தோடு பார்வைச் சான்றிதழும் கேட்டார்கள். பரிசோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ பஸ் ஓட்டப் போயிட்டா இங்க யாருடி தூசி தட்டுறது?"

"பஸ்ஸ வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன். தூசி தானா ஓடிடும்."

அக்கா என் இடது கண்ணுக்குக் கருப்பு மூடி மாட்டினாள். வலது கண்ணால் கடகடவென்று ஒப்பித்தேன். கடைசி வரியையும் தாண்டி, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் சொல்லி முடித்தேன்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா, அசந்துட்டியா?"

"அசந்துதான்டி போயிட்டேன். அது புது அட்டை. இப்பத்தான் மாட்டினேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் முக்காலியிலிருந்து சரிந்தாள். காத்திருந்த வாடிக்கையாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்துச் சிரித்து விக்கினேன். விக்கலுக்கு நடுவே அக்கா சுவரோரம் போய் நின்றாள்.

"இது எத்தனை விரல்?"

"அது கையா?"

சிரிப்பு அங்கேயே நின்றது.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணும் பளிங்கு மாதிரி இருக்கு. பவர்லதான் வித்தியாசம். சின்ன வயசுலயே மூளை இந்தக் கண்ணோட பேச்ச விட்டுடுச்சு. அப்பவே கண்ணாடி போட்டிருக்கணும்."

"கண்ணாடிக் கடையில பொறந்தவ நான், டாக்டர்!"

டாக்டரும் சிரித்துவிட்டார். "பஸ்ஸுக்கு ரெண்டு கண்ணும் வேணும். இந்த வயசுல எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ண மூடி, இந்தக் கண்ண வேலை வாங்கிப் பாக்கலாம்."

தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணுக்குத் திரை. கடை முழுவதும் பனிமூட்டத்தில் மிதந்தது. குடை மாட்டும் கம்பத்தை "வாங்க சார், உக்காருங்க" என்று வரவேற்றேன். அக்கா அதற்கு நாற்காலியும் போட்டாள். நான் மனப்பாடம் செய்துவிடக்கூடாதென்று, தினமும் காலையில் ஒரு புது அட்டையைத் தன் கையாலேயே எழுதினாள்.

ஐந்தாவது மாதம் ஒருநாள்.

"த, வ, ல. ப... இல்ல, ய. ன, ற, ட."

"பாடாத. பாத்துச் சொல்லு."

"பாத்துத்தான் சொல்றேன். மூணாவது வரி... ச... அப்புறம் க. அதுக்கு மேல தெரியல."

அக்கா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொன்னதெல்லாம் சரி. ஆனால் பஸ்ஸுக்கு ஏழு வரி வேண்டும். அது இருவருக்கும் தெரியும்.

அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்து என் தலையில் கொட்டினாள். ஒரு துண்டைப் பிடிக்கக் கை நீட்டினேன். அது ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"நாளைக்கு வேற எழுதுறேன்," என்றாள். மேஜை இழுப்பறையைத் திறந்து என் பஸ் விண்ணப்பத்தை எடுத்து, தூசி தட்டி, மறுபடி உள்ளே வைத்தாள்.