பந்தல் துணியில் எட்டு ஓட்டை

வாடகைக்குப் போய்வந்த பந்தல் துணியை வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவது எங்கள் கடை வழக்கம். நானும் அக்காவும் ஆளுக்கொரு முனை. அன்றைக்கு எட்டு ஓட்டை.

"எலி," என்றார் அப்பா.

"எலி அவ்வளவு உயரம் ஏறி, நட்ட நடுவுல, இவ்வளவு வட்டமாவா கடிக்கும்?" என்றேன்.

உதறினேன். ஓரத் தையலில் சிக்கியிருந்த ஏதோ ஒன்று காலடியில் விழுந்தது. சுண்டுவிரல் நுனியளவு, செம்பு நிறம். தோட்டா! எனக்குப் புல்லரித்துவிட்டது. மேலே சுட்ட தோட்டா எப்படித் திரும்பி விழும் என்றுதான் ஒரு வாரமாகச் சோறு தண்ணி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

"வானத்தைப் பாத்து சுட்டது! துணி எங்க போயிட்டு வந்துச்சு?"

அக்கா சொன்னாள்: "மாமா வீட்டுக்கு. பெரிய பையன் கல்யாணத்துக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சின்னப் பையனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம். சந்தோஷம் வந்தால் வானத்தைச் சுடுகிற மனிதர். நாங்கள் வைத்த பெயர் வேட்டு மாமா.

"சம்பந்திகிட்ட வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன்," என்றார் அப்பா. அவருடைய தீர்வு வேறு: பந்தலுக்கு இரண்டடுக்குத் துணி.

கல்யாண காலையில், எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்ட வேட்டு மாமா துப்பாக்கியோடு எங்கள் வாசலில் நின்றார். மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் முந்நூறு தலை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாமா, மேல போனது கீழ வரும்."

"நாப்பது வருஷமா சுடறேன் தம்பி. ஒண்ணுகூட வந்ததில்ல."

"வந்துச்சு, நீங்க பாக்கலை! ரெண்டு கிலோமீட்டர் போகும், நிக்கும், திரும்பும். ஒரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நீங்க பந்தியில உக்காந்திருப்பீங்க. காத்து தடுக்கறதால போன வேகத்துல வராதுதான். ஆனா மண்டையைப் பிளக்க அதுவே போதும்."

தோட்டாவை நீட்டினேன். அப்பா என் காலை மிதித்தார். வேட்டு மாமா அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"என்னோடதுதான்!" தொலைந்த மோதிரம் கிடைத்த மாதிரி முகம். "அப்போ நேரா சுட்டாத்தான் பந்தல்ல விழுது. சரி, கொஞ்சம் சாய்ச்சு சுடறேன்."

"ஐயோ, அது இன்னும் மோசம்! நேரா போறது உச்சியில தள்ளாடிக் கவிழ்ந்து வரும். சாய்ச்சு விட்டா சுத்திக்கிட்டே மூக்கு முன்னால வரும். வேகமும் கூட!"

"எங்க விழும்?"

"அந்தப் பக்கம்னா... பஸ் வர்ற ரோட்டுல."

"அவ்வளவு துல்லியமாவா விழும்? போடா!" அவர் துப்பாக்கியைச் சாய்த்தார்.

பாதி பின்னிய சடையோடு அக்கா வெளியே ஓடிவந்தாள். கையில் போன், ஸ்பீக்கரில். மறுமுனையில், பஸ்ஸில், மாமாவின் மனைவி.

"அத்தை, எங்க வர்றீங்க?"

"பாலம் தாண்டிட்டோம்மா. ஜன்னலோரமா உக்காந்திருக்கேன். ஏன்?"

"மாமா அந்தப் பக்கம் பாத்துதான் சுடப்போறாராம்."



"சுடட்டும்மா. பட்டா போய்ச் சேர்றேன். படலைன்னா நேரா அங்கதான் வர்றேன்."

வேட்டு மாமா அவசர அவசரமாகத் துப்பாக்கியைத் தாழ்த்தினார். தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, துப்பாக்கியோடு சேர்த்து அப்பா கையில் திணித்தார்.

"சம்பந்தி, சீக்கிரம் எங்கயாவது பூட்டுங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. அவ கேட்டா, துப்பாக்கியா, எந்தத் துப்பாக்கின்னு கேளுங்க."

அப்பா எல்லாவற்றையும் பந்தல் கயிற்றுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டார்.