ஓடுகிற மெஷினுக்கு ஒரு பொட்டு

"ஓடுற மெஷினாண்ட எவனாவது குங்குமத்தோட போனீங்க, கைய ஒடிச்சிடுவேன்!"

ஆயுத பூஜை அன்று காலை நான் கத்திய கத்தல் செங்கல்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். வேறென்ன செய்வது? ஷெட்டில் டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர் எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு ஓய்வாக நின்றன. லேசரால் பொருளை வளர்க்கும் பெரிய மெஷின் மட்டும் அறுபது மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இருபது மணி நேரம் பாக்கி.

அதன் தொட்டி நிறைய ரெசின், எண்ணெய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் திரவம். லேசர் பட்ட இடத்தில் அது இறுகும். ஒரு படலம் இறுகியதும் பொருள் மயிரிழை அளவு கீழே இறங்கும், மேலே ஒரு கத்தி புது ரெசினை வழித்து விடும், மறுபடி லேசர். இப்படித்தான் ஒரு காரின் முன்பக்க பம்பர் ஒட்டே இல்லாமல் முழுசாக வளர்ந்துகொண்டிருந்தது. வெயில் பட்டாலும் ரெசின் இறுகிவிடும். அதனால்தான் மஞ்சள் கண்ணாடிக் கதவு.

2007-இல் எங்கள் பக்கத்தில் எவனிடமும் அவ்வளவு பெரிய மெஷின் கிடையாது. இரண்டு லேத்தையும் விற்றுவிட்டு, வெளிநாட்டில் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கினேன். கார் கம்பெனிக்கு இந்த முதல் பம்பர் சரியாக வந்தால் ஷெட் பிழைக்கும், கெட்டால் பூட்ட வேண்டியதுதான். தொட்டியில் இருப்பதை விட்டால் வேறு ரெசின் இல்லை. கப்பலில் வர ஆறு வாரம் ஆகும்.

"அல்லாத்துக்கும் வச்சிட்டு, சோறு போடறத மட்டும் உட்டா இன்னாய்யா நாயம்?" என்றாள் பார்வதம், என் பெண்டாட்டி. இறுகி வந்த பாகங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது அவள்தான். அந்தக் கைப்பதம் ஷெட்டில் யாருக்கும் வராது. எனக்கும் வராது.

"உன் வேலையப் பாத்துகினு போடி!"

போனாள். வாசலில் பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வெளியே போனார்கள். ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. நான் மட்டும் உள்ளே. மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து இதை மட்டும் மொட்டையாக விட்டிருக்கிறோமே, சாமி குத்தமாகிவிட்டால்? கதவுக்கு வெளியே வைத்தால் என் கத்தலைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். கதவைத் திறந்தேன், மெஷின் தானாக நின்றது. உள்சட்டத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். 'இந்த ஒரு தடவ காப்பாத்திடு' என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் கும்பிட்டேனோ, கண்ணைத் திறந்தபோது வெயில் நேராகத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

கதவை அறைந்து சாத்தினேன். மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடியது. ஆறின பாலில் கட்டுவதுபோல் ரெசின் மேல் ஆடை கட்டியிருந்தது. கத்தி அந்த ஆடையை இழுத்தது. ஆடையோடு பம்பரும் பிய்த்துக்கொண்டு வந்தது. அறுபது மணி நேரம்! ஐயோ, என் கையாலேயே கெடுத்தேனே!

அந்த நேரம் பார்த்துத்தானா ஷ்யாம் வர வேண்டும்? கார் கம்பெனி இன்ஜினியர். குடும்பத்தோடு மாமல்லபுரம் போகிற வழியில், பம்பரை ஒரு பார்வை பார்க்க வந்தாராம். பூசணிக்காய் உடைத்தவர்களும் அவரோடு உள்ளே வந்தார்கள்.

"அண்ணாத்த, இன்னா இது, உள்ளார பொட்டு கீது?" என்று கேட்டுத் தொலைத்தான் என்னிடம் வேலை செய்யும் ஏசுபாதம்.

ஷ்யாம் முகம் கறுத்தது. "யாரு கதவைத் திறந்தது? மெஷின் தெரிஞ்ச ஆளே இப்படிப் பண்ணா நான் மேல என்னன்னு சொல்றது?"

என் விரலில் குங்குமம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அங்கே பார்வதம் நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள். முந்தானையால் என் விரலை அழுத்தித் துடைத்தாள். பிறகு முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் வச்சேன். அவரு காலைலயே வாணான்னு கத்தனாரு, இவங்க எல்லாருக்கும் தெரியும். நான்தான் கேக்கல."

ஷ்யாம் என் பக்கம் திரும்பினார். "தனகோடி, தப்பு உங்களோடது இல்லன்றதால ஆறு வாரம் டயம் வாங்கித் தரேன். ஆனா இந்தம்மா இனிமே ஷெட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. சம்மதமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

"சரி சார், இனிமே வரமாட்டா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.