அமைச்சர் இல்லாத மூன்று வருஷம்

டிரம்கீல் முச்சந்தியில் தபால்காரர் மாலக்கி டெவெனியின் மனைவி ஊனா இறந்தது 2016 நவம்பரில். மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்த பால் லாரி அவளுடைய காரைப் பார்க்கவே இல்லை. அந்த இடத்தில் அது நாலாவது சாவு. மேட்டை வெட்டி ரவுண்டானா போடுவதென்று மாகாணத் தலைநகர் பெல்ஃபாஸ்டில் முடிவாகி, கோப்பு அமைச்சரின் கையெழுத்துக்குப் போகவிருந்த ஜனவரியில் மாகாண அரசாங்கம் விழுந்தது. சேர்ந்து ஆண்ட இரண்டு கட்சிகளும் முறைத்துக்கொண்டு பிரிந்தன. மேலே இருந்த லண்டன் அரசோ, உங்களுக்குக் கொடுத்த அதிகாரம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டது.

கோப்பு சாலைத் துறையின் மூத்த அதிகாரி ஹேசல் கில்ஃபிலனின் மேசையிலேயே தங்கிவிட்டது. மாலக்கி மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வந்துவிடுவார்.

"என்ன மேடம், கையெழுத்துப் போட இன்னும் ஆள் சிக்கலையா?"

"இல்ல மிஸ்டர் டெவெனி. அமைச்சர்தான் போடணும், அதான் சட்டம்."

"ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்களுக்குச் சம்பளம் மட்டும் டாண்ணு போகுதாமே! என் நாய் கால்ல மை தடவிக் கூட்டிட்டு வரட்டுமா?"

ஹேசலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அக்டோபரில் அதே இடத்தில் ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கால் போனது. மறுநாள் காலை ஹேசல் பேனாவை எடுத்தாள். உதவி அதிகாரி ட்ரெவர் பதறிவிட்டான்.

"வேண்டாம் ஹேசல். ஓட்டு வாங்கினவன் எடுக்கற முடிவு இது. உன்னை யார் தேர்ந்தெடுத்தா?"

"யாரும் இல்ல. ஓட்டு வாங்கினவங்க எங்கன்னு நீயே சொல்லு."

கையெழுத்துப் போட்டாள். ஒரே வாரத்தில் இயந்திரங்கள் வந்து இறங்கின. நிலம் இழக்கவிருந்த விவசாயி ஆர்ச்சி நெஸ்பிட் நீதிமன்றம் போனார். யாரும் தேர்ந்தெடுக்காத அதிகாரி என் வயலை எடுப்பதா என்பது அவருடைய வழக்கு. வசந்தத்தில் தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. இயந்திரங்கள் திரும்பிப் போயின. தோற்றது ஹேசலுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஆர்ச்சி கேட்டது நியாயம் என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

அந்த வருஷக் கடைசியில் லண்டன் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. பொதுநலனுக்கென்றால் அதிகாரிகளே சிலதை முடிவு செய்யலாமாம். டிரம்கீல் அதில் அடங்குமா என்று கேட்டதற்கு வழக்கறிஞர்கள் "அடங்கலாம்" என்றார்கள்.

"போட்டுடேன்," என்றான் ட்ரெவர், இந்த முறை அவனே.

"இன்னொரு தடவை கோர்ட்டுல நிக்க என்னால முடியாதுப்பா. பார்ப்போம்."

பார்த்துக்கொண்டே இருந்ததில் ஏழு மாதம் ஓடியது. ஜூலையில் மோட்டார் சைக்கிளில் வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அங்கே செத்தாள். ஹேசல் தேவாலயத்தில் நடந்த அடக்க ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளியே வந்தபோது மாலக்கி நின்றிருந்தார். அவளிடம் புதுச் சட்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"இந்தத் தடவை என்னால போட்டிருக்க முடியும், மாலக்கி. பயந்துட்டேன்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "இதை என்கிட்ட சொல்லாதீங்க. உள்ள அந்தப் பொண்ணோட அம்மா இருக்காங்க."

அவள் உள்ளே போகவில்லை. காரில் ஏறிவிட்டாள்.

2020 ஜனவரியில் கட்சிகள் சமாதானமாகி அமைச்சர்கள் வந்தார்கள். புது அமைச்சர் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கோப்பில் கையெழுத்துப் போட்டு, "வேற என்ன இருக்கு?" என்றார். ஹேசல் மாலக்கிக்குப் போன் செய்து சொன்னாள்.

"கையெழுத்துப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

மாலக்கி போனை வைத்துவிட்டார்.

ரவுண்டானா வந்தது. ஹேசல் ஓய்வு பெற்றாள். 2022 அக்டோபரில் மறுபடி அமைச்சர்கள் இல்லாமல் போனார்கள். அன்று மாலை மாலக்கியே கூப்பிட்டார், இத்தனை நாளில் முதல் தடவையாக.

"உங்க இடத்துல இப்ப யாரு?"

"ட்ரெவர்."

"அவர் மேசையில என்ன கோப்பு கிடக்கு?"

"தெரியல மாலக்கி," என்றாள் ஹேசல். "கேட்கவும் பயமா இருக்கு."