நாற்பது வரிக்குப் பதில் ஒரு வரி

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் பரிசோதனை அறிக்கைகளைப் பராமரிப்பவர் கோவர்த்தனன். அன்று பதினொரு மணிக்கு, வெளிநாட்டில் கூழ் வாங்குபவர்கள் அனுப்பிய ஆய்வாளர் வருவதாக இருந்தது. காலை எட்டு மணிக்கே வந்து, முந்தின நாள் மாற்றிய புதுக் கணினியில், அறிக்கைகளைத் தேடித் திறக்கும் நிரலில் ஒரு சரக்கு எண்ணைத் தட்டி 'திற' பொத்தானை அழுத்திப் பார்த்தார். 'மென்பொருள் இல்லை' என்று வந்தது. எந்த எண்ணைத் தட்டினாலும் அதே பதில்தான்.

அந்த நிரலை எழுதிய சிவசங்கரி திருப்பதியில் வேலை செய்பவள். போன் செய்தார்.

"பஸ் ஏறிடறேன் சார்" என்றாள்.

பத்து மணிக்கு வந்தவள், தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் நிரலைப் படித்தாள். புதுக் கணினியின் மேல்தான் பழி போடுவாள் என்று நினைத்திருந்தார் கோவர்த்தனன்.

"தப்பு என்னுது சார். இந்த சாப்ட்வேர்லதான் தொறக்கணும்னு, பழைய கம்ப்யூட்டர்ல அது இருந்த அட்ரஸோட எழுதி வெச்சிட்டேன். இதுல அது இல்ல."

"அப்ப அதையே இதுலயும் போட்டுடும்மா."

"திரும்ப கம்ப்யூட்டர மாத்தனா திரும்ப நிக்கும் சார். எந்த ஃபைல எதுல தொறக்கணும்னு சிஸ்டத்துக்கே தெரியும். நாம ஃபைல மட்டும் குடுத்தா போதும்."

நாற்பது வரிகளை மளமளவென்று அழித்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். கோவர்த்தனன் 'திற' பொத்தானை அழுத்தினார். அறிக்கை திறந்தது. சரக்கு ஏற்றிய லாரியின் புகைப்படம் அதற்குரிய மென்பொருளில் விரிந்தது.

எடைமேடையிலிருந்து வரும் கோப்பு மட்டும் அசையவில்லை.

"இன்னாம்மா இது?"

"இந்த வகை ஃபைலுக்கு எதுல தொறக்கணும்னு சிஸ்டத்துக்கு யாரும் சொல்லல சார். நாமளே சொல்லிடலாம்." நோட்பேடைத் தேர்ந்தெடுத்தாள். எண்கள் வரிசையாக வந்தன. இனி அப்படிச் சொல்லப்படாத கோப்பு வந்தால், சும்மா நிற்காமல் தகவல் காட்டவும் வழி செய்தாள்.

வந்த ஆய்வாளர் இரண்டு வருடங்களுக்கு முந்தைய தோத்தாபுரி மாம்பழக்கூழ்ச் சரக்கு ஒன்றின் விவரத்தைக் கேட்டார். அறிக்கை, படம், எடை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. "இந்த புரோகிராம யார் எழுதினது?" என்றார்.

"வரதய்யபாளையத்துப் பொண்ணு சார். அப்பா அம்மா கூலி வேலைக்குப் போய்க்கினே படிக்க வெச்சாங்க" என்றார் கோவர்த்தனன், தன் மகளைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆய்வாளர் போனதும் கேண்டீனுக்கு நடந்தார். சிவசங்கரி அப்போதுதான் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டு எழப் போனாள்.

"உக்காரு, மொதல்ல துன்னு" என்று, அவளுக்கு மோர் வாங்கி வரத் தானே வரிசையில் போய் நின்றார்.