பாத்ரூம் கதவு சொன்னது

வெள்ளைச்சாமி பாத்ரூமில் வழுக்கி விழுந்து முக்கால் மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்த பிறகுதான், மருமகள் சந்திரிகா அந்தக் கதவில் சென்சார் பொருத்தினாள். நிலைச்சட்டத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா, கதவில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. ஆள் இல்லாதபோது அந்தக் கதவு திறந்தே கிடக்கும். அவர் உள்ளே போய்ச் சாத்தியதும் வீட்டில் எல்லோர் போனுக்கும் தகவல் வரும். ஹாலில் இருக்கும் ஸ்பீக்கர், "அப்பா பாத்ரூம் கதவு மூடியது" என்று இனிய பெண் குரலில் அறிவிக்கும்.

அவர் கோவில்பட்டிக்காரர். தி.நகரில் நாற்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்திவிட்டு, இப்போது அதை மகன் வெங்கடேஷிடம் விட்டிருந்தார். அடையாறு ஃப்ளாட்டில் சும்மா இருக்கிற நாளிலும் சட்டை போடாமல் ஹாலுக்கு வரமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரிகாவின் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். பாயசம் பரிமாறும்போது ஸ்பீக்கர் பேசியது. கூட வேலை பார்க்கும் ஷாகிரா திடுக்கிட்டு, "இது இன்னாப்பா?" என்றாள்.

"எங்க மாமனார் பாத்ரூம் போறாரு. இது இன்னிக்கு எட்டாவது தடவை" என்றாள் சந்திரிகா. "கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போன்லயே பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் வெள்ளைச்சாமி வெளியே வந்துவிட்டார். துண்டில் கையைத் துடைத்தபடி அவரும் ஒரு சிரிப்புச் சிரித்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மறுநாளிலிருந்து எண்ணிக்கை குறைந்தது. ஐந்து, நாலு, பிறகு மூன்று. "அடிக்கடி போறதுக்கு டாக்டர் குடுத்த புது மாத்திரை நல்லா கேக்குதுங்க" என்று அவள் கணவனிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

பத்தாவது நாள், கத்திரி வெயிலில், கீழே லிஃப்ட் வாசலில் வெள்ளைச்சாமி மயங்கி விழுந்தார். வாட்ச்மேன் தூக்கி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினார்.

"உடம்புல தண்ணியே இல்லையேம்மா" என்றார் டாக்டர். ட்ரிப்ஸ் ஏறி வெள்ளைச்சாமி கண் விழித்தபோது, சந்திரிகா மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் பேச்சு கேட்டது.

"ஏன் ஐயா தண்ணி குடிக்கிறதில்ல?"

"குடிச்சா போகணும்லா டாக்டர். போனா வீடு பூரா கேக்கிற மாதிரி அது சொல்லுது. வந்தவங்க முன்னால எத்தன தடவன்னு கணக்கும் வருது. மருமக வெளையாட்டாத்தான் சொன்னா. அவகிட்ட எதுவும் கேட்றாதீங்க."

சந்திரிகா உள்ளே போகவில்லை. மருந்துப் பையோடு வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். தினமும் அந்த எண்ணைப் பார்த்தவள் அவள்தான். குறையக் குறைய மகிழ்ந்தவளும் அவள்தான்.

அங்கேயே போனைத் திறந்து பார்த்தாள். 'இருபது நிமிடத்துக்கு மேல் மூடியிருந்தால் மட்டும் சொல்லவும்' என்று ஒரு வரி இருந்தது. பொருத்திய அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும். அவள் கீழே தள்ளிப் பார்க்கவில்லை. அதை மாற்றி, ஸ்பீக்கரையும் நிறுத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாலை அவர் அறை வாசலில் நின்று, "மாமா, ஸ்பீக்கர நிறுத்திட்டேன்" என்றாள்.

"சரிம்மா."

"நீங்க சொன்னது ஆஸ்பத்திரில என் காதுல விழுந்துச்சு. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பூஜா போனுக்கும் வந்துச்சோ?" என்று கேட்டார். பூஜா அவருடைய பேத்தி, ஒன்பதாவது படிக்கிறாள்.

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். முடியவில்லை. "வந்துச்சு மாமா."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்த டப்பாவக் கழட்டிராத. விழுந்து கெடந்தா ஒருத்தருக்காவது தெரியணும்லா. ஒன் போனுக்கு மட்டும் வரட்டும்."

அவர் திட்டியிருந்தால் அவள் அழுதுவிட்டுப் போயிருப்பாள். இதைக் கேட்ட பிறகு அங்கேயே நின்று போனை எடுத்து, தன் பெயரைத் தவிர மற்றவர்கள் பெயரை நீக்கினாள்.

வெங்கடேஷ் கடையிலிருந்து வந்ததும், ஆபீஸ்காரர்கள் முன்னால் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னாள். அவன் தன் போனை எடுத்து, அதில் சேர்ந்திருந்த தகவல்களை ஒவ்வொன்றாக அழித்தான்.

"நானும் தெனம் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்றான், தலை நிமிராமல்.