பீமுக்குக் கீழே இரண்டு கம்பம்

கண்ணாடி லாரி வந்து நின்றதிலிருந்து சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் மாடிப்படிக்கும் நடையாய் நடந்தாள். அக்காவுக்காக அவளே வரைந்து, அவளே கூட நின்று கட்டிய வீடு. கடலைப் பார்த்த பக்கம் சுவரே கிடையாது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே திறப்பு. நடுவில் தூண் இல்லை. தலைக்கு மேல் ஒற்றை பீம்தான் கூரையைத் தாங்க வேண்டும். நிற்குமா என்று கேட்டவர்களிடமெல்லாம் மல்லுக்கட்டி ஜெயித்திருந்தாள்.

அக்காவும் அத்தானும் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை வர்றதுக்குள்ள கண்ணாடிக் கதவை மாட்டிடுவீங்கல்ல?" என்றாள் அக்கா.

"ஜோரா மாட்டிடலாம். இந்தத் தார்ப்பாயையும் கம்பத்தையும் எடுத்துட்டா போதும்" என்றார் கண்ணாடிக்காரர்.

திறப்பின் நடுவே, பீமின் உள்விளிம்பை ஒட்டி இரண்டு இரும்புக் கம்பங்கள். காற்றுக்கு மறைப்பாகத் தார்ப்பாய் கட்ட பெயிண்டர்கள் நட்டவை என்றே சின்னவள் நினைத்திருந்தாள். கான்கிரீட் போட்டபோது பீமுக்குக் கொடுத்த முட்டுகளை எல்லாம் கழற்றியாயிற்று என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் கண்ணாடிக்கு அளவு கொடுத்தாள்.

ஒரு கம்பத்தைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. சுத்தியலால் தட்டினாள். பாரம் ஏறிய இரும்பு கிண்ணென்றது. இது தார்ப்பாய்க்கு நட்டதில்லை; கழற்றாமல் விட்ட முட்டு. பெயிண்டர்கள் தங்கள் வசதிக்கு நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். இதை எடுத்தால் பீம் கொஞ்சம் இறங்கும். எந்த பீமும் இறங்கும், அதில் தப்பில்லை. ஆனால் அவள் கண்ணாடிக்கு அளவெடுத்தது அது இறங்குவதற்கு முன்னால்; இறங்கினால் கண்ணாடி உயரம் மிஞ்சிவிடும்.

அத்தானிடம் சொன்னாள்.

"அவ்வளவுதானே? கம்பம் நிக்கட்டும். வெள்ளை பெயிண்ட் அடிச்சா தூண் மாதிரி இருக்கும்."

"தூண் வேணாம்னுதானே அத்தான் இவ்வளவு பாடு பட்டேன்!"

"உன் வீம்புக்கு என் பொண்டாட்டி மழையில நனையணுமா, இன்ஜினியரம்மா?"

அக்காவும் சேர்ந்துகொண்டாள். "பிடிவாதம் பிடிக்காதடி. இப்படியே மாட்டிட்டா என்ன ஆகும்?"

இப்போதைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் தொல்லை. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? துருப்பிடித்து ஒரு நாள் கம்பம் நழுவினால், பீம் வந்து கண்ணாடி மேல் உட்காரும். அக்கா கட்டில் போடச் சொன்னதோ கண்ணாடியை ஒட்டி.

வீம்பும் இருக்கத்தான் செய்தது. அதை அவள் மறுக்கவில்லை.

"உன் தலையில கண்ணாடி கொட்டும்க்கா. இன்னைக்கு இல்ல. என்னைக்குன்னுதான் தெரியாது."

யாரும் சரி என்று சொல்வதற்குள் சின்னவள் கம்பத்தின் திருகை இளக்கத் தொடங்கினாள். ஒன்று விழுந்தது. பிறகு மற்றொன்று. பீம் சத்தமே போடவில்லை.

கண்ணாடிக்காரர் டேப்பை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மாட்டாதும்மா. இழைச்சு உள்ள தள்ள இது பலகையா?"

லாரி கண்ணாடியோடு திரும்பிப் போனது. பின்னாலேயே மழை வந்தது, கேட்பாரின்றி ஹாலுக்குள் பாதிவரை. அக்கா மெத்தையை மாடிப்படிப் பக்கம் இழுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தூண் இல்லாம பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கதவுந்தான் இல்ல. வந்து அந்த முனையைப் பிடிடி."

சின்னவள் பிடித்தாள். கண் மட்டும் பீமை விட்டு நகரவில்லை.